சின்னவனின் பூட்டு

பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று மேனேஜர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது மணி மூன்றரை. எனக்கும் கண் இருக்கிறது சார் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டின் மெயின் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டின் கழுத்தில் ஒரு அட்டை. அட்டையில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு முகம். அந்த முகம் என் கொழுந்தனுடையது. முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். இங்கே அவன் ஃபிட்டர், இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன்.

நான் இந்தக் கட்டுமான வேலையின் பாதுகாப்பு அதிகாரி. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னைப் பூட்டம்மா என்பார்கள். முகத்துக்கு நேராக மேடம். என் வீட்டில் உப்பு டப்பாவுக்கும் பூட்டுப் போட்டிருப்பேன் என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் சின்னவன்தான் என்பதும் எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். ஒன்பது வருஷத்தில் நான் இருந்த இடங்களில் ஒரு விரல்கூடப் போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பூட்டு விஷயம் ரொம்பச் சுலபமானது. ஓடுகிற இயந்திரத்தில் யார் கை வைக்கப் போனாலும் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. வேலை முடிந்து வெளியே வந்து அவரவர் பூட்டை அவரவர்தான் எடுக்க வேண்டும். பூட்டுத் தொங்குகிறது என்றால் உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது எந்தக் கொம்பனும் சுவிட்சைத் தொடக் கூடாது.

ஆனால் வேலையை முடித்துவிட்டுப் பூட்டை மறந்து வீட்டுக்குப் போகிற மகராசன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் ஒரு விதி எழுதினேன். முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை மூன்று நாள் வேலை கிடையாது. மூன்றாம் தடவை ஒரேயடியாக வெளியே. மேனேஜருக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப் போயிற்று. சின்னவன் ஏற்கெனவே இரண்டு தடவை மறந்தவன். இரண்டாம் தடவை மூன்று நாள் வீட்டில் உட்கார வைத்தபோது என் மாமியார் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அவனை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

காலை ஆறு மணியிலிருந்து, நாங்கள் கட்டுகிற அடுக்குமாடிக் கோபுரத்தின் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போய்க்கொண்டிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தது. ஒன்றரை மணிக்கு, ஜல்லியை மேலே கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் ஒரு உருளை இறுகி, பெல்ட்டைக் கிழிக்க ஆரம்பித்தது. பிளான்ட்டை நிறுத்தி, உருளையை மாற்ற ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். இப்போது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கீழே குழியில் ஏற்கெனவே கொட்டிய கான்கிரீட் இறுகத் தொடங்கினால் புதிதாகக் கொட்டுவது அதோடு ஒட்டாது. ஒட்டாத இடத்தில் தண்ணீர் இறங்கும். அப்புறம் அத்தனையையும் உடைத்தெடுக்க வேண்டியதுதான். ஐந்து கலவை லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மேனேஜரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் கழுத்துக்கும் மேலே கத்தி வைத்திருப்பவர்கள் இருந்தார்கள்.

சொந்தக்காரன் இல்லாமல் பூட்டை வெட்ட வேண்டுமானால் அதற்கென்று ஒரு தாள் உண்டு. நான் தயாரித்த தாள்தான். பிளான்ட் முழுவதும் தேடிப் பார்த்தாயிற்றா என்று ஒரு கட்டம். பூட்டுக்குச் சொந்தக்காரனின் வாயாலேயே அனுமதி கேட்டாயிற்றா என்று ஒரு கட்டம். அந்தப் பூட்டின் கீழ் வேறு யாராவது வேலை செய்தார்களா என்று ஒரு கட்டம். கடைசியில் மேனேஜர் கையெழுத்து, என் கையெழுத்து. வெட்டுவதும் நான்தான் வெட்ட வேண்டும்.

மேனேஜர் மேலே கலவைத் தொட்டியைப் பார்க்க ஏறினார். நான் பெல்ட் ஓரமாகவே நடந்தேன். நான்கு பெரிய தொட்டிகளில் ஜல்லியும் மணலும், அவற்றுக்கு அடியில் முப்பது மீட்டர் நீளத்துக்குப் பெல்ட். பெல்ட்டின் கீழ்முனை தரைக்குள் ஒரு ஆள் ஆழப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கேதான் பெரிய உருளை சுற்றும், அதைச் சுற்றித்தான் பெல்ட் திரும்பும். பள்ளத்தில் இறங்க ஒரு இரும்பு ஏணி. உருளையை மாற்றிய இடமும் அதற்குப் பக்கத்தில்தான். கழற்றிப் போட்ட பழைய உருளை ஏணிக்கு அருகே கிடந்தது. புதிய உருளை சுத்தமாகப் பொருத்தப்பட்டிருந்தது. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

பள்ளத்தின் விளிம்பில் நின்று குனிந்து, டேய் சின்னவனே என்று இரண்டு தடவை கத்தினேன். இருட்டாக இருந்தது. ஈர ஜல்லியின் வாடை வந்தது. பதில் இல்லை. ஏணியில் இறங்கிப் பார்த்திருக்கலாம். எனக்கு வலது முழங்கால் சரியில்லை. அதைவிடப் பெரிய காரணம், நான் கொதித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தூங்கிக்கொண்டு கிடந்தால் இந்தக் கத்தலுக்கு எழுந்து வரட்டும் என்று இன்னொரு தடவை கத்திவிட்டுத் திரும்பிவிட்டேன். தேடிப் பார்த்தாயிற்று என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அதற்குள் வாசல் செக்யூரிட்டியிடமிருந்து போன் வந்தது. ஃபிட்டர் இரண்டு ஐம்பதுக்கே வெளியே போயிருக்கிறார், பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, ஓட்டமும் நடையுமாகப் போனார் என்றார் அவர். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவனைத் திட்ட எனக்குத் தெரிந்த வார்த்தைகள் போதவில்லை. இவனுக்காக நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன். அண்ணி பார்த்துக்கொள்வாள் என்ற மிதப்புத்தானே இது.

மேனேஜர் தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஆள் வெளிய போயிட்டான்னு ரெக்கார்டே சொல்லுது. இன்னும் என்ன மேடம்?"

"அவன் வாயால கேக்கணும் சார்."

"உங்க வீட்டுப் பையன்னு இழுக்குறீங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. நான் யாருக்காகவும் இழுக்கிறவள் இல்லை என்று காட்ட வேண்டும் என்ற வேகம் எனக்கு அந்த நிமிஷம் வந்தது. இதை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். அவன் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. அவன் பெண்டாட்டிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, அடித்தேன். எடுத்ததுமே அழுகை. பெண் பள்ளிக்கூடப் படியில் உருண்டு விழுந்துவிட்டாள், மணிக்கட்டு முறிந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், மாவுக்கட்டுப் போட உள்ளே கூட்டிப் போகிறார்கள் என்று துண்டு துண்டாகச் சொன்னாள். அவனிடம் போனைக் கொடு என்றேன். பின்னால் குழந்தை வீரிடுவது கேட்டது. ஆனாலும் கேட்டேன்.

"பூட்டு தொங்குதுடா. மறந்துட்டியா?"

அவன் கொஞ்சம் தாமதித்தான். "மணி என்ன அண்ணி?"

"நாலாகப் போகுது."

"அப்போ வெட்டிடுங்க அண்ணி. மறந்துட்டேன்."

"உன் பூட்டுல வேற யாராவது வேலை செஞ்சாங்களா?"

இந்த முறை தாமதம் இன்னும் கொஞ்சம் நீண்டது. குழந்தை அப்பா அப்பா என்று அலறியது.

"இல்ல அண்ணி. யாரும் இல்ல."

மூன்றாவது தடவை இது, என்ன ஆகும் தெரியுமில்லையா என்று கேட்டேன். தெரியும் என்றான். போன் நின்றுவிட்டது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போன இரண்டு தடவையும் பூட்டை நான்தான் அவனுக்குத் தெரியாமல் திரும்ப மாட்டிவிட்டேன் என்கிற அளவுக்கு வாதாடியவன். குழந்தைக்கு அடிபட்டதில் மனசு ஒடிந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சக் கட்டங்களிலும் டிக் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் எனக்கு முன்பே கட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். சின்னவனின் பூட்டு ஒரு சத்தத்தோடு பிளந்தது. அட்டையோடு சேர்த்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஆபரேட்டர் இருக்கிற அறையின் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

நான் லாரிகளை நகரச் சொல்வதற்காகத் திரும்பி நடந்தேன். நாலைந்து அடிதான் வைத்திருப்பேன். அவன் ஏன் மணி கேட்டான்?

பூட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லப்போகிறவனுக்கு மணி எதற்கு? மூன்று என்று சொல்லியிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ? ஏதோ ஒரு வேலை முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவன் கேட்கிற கேள்வி அது. கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஏணிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய உருளை கிடந்தது. முப்பது கிலோ. பெல்ட்டுக்கு அடியில் அதை மாற்ற வேண்டுமானால் ஒருவர் கடப்பாரையால் பெல்ட்டை நெம்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் உருளையைத் திணிக்க வேண்டும். பத்துக் கை இருந்தாலும் தனி ஒருவனால் ஆகாது. இந்த வேலையை நான் நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவனுடைய ஹெல்பர் நேற்றிலிருந்து லீவு. காலைக் கூட்டத்தில் அதை வாசித்தவளும் நான்தான்.

அப்படியானால் கடப்பாரை பிடித்தது யார்?

சைரன் ஊதத் தொடங்கியது. பிளான்ட் ஓடுவதற்கு முன்னால் இருபது வினாடி ஊதும். நிறுத்து என்று கத்தினேன். ஐந்து லாரி எஞ்சின்களும் சைரனும் சேர்ந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆபரேட்டர் அறையின் கண்ணாடி வெகு உயரத்தில் வெயிலில் பளபளத்தது. கைகளை ஆட்டினேன். மேனேஜர் அதைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சரி, எல்லாம் ஆயிற்று என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டார் அந்த மனிதர்.

பெல்ட் நெடுக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். எந்த இடத்தில் இழுத்தாலும் பெல்ட் நிற்கும். கயிறு தொடங்குகிற இடம் என்னிடமிருந்து ஒரு இருபத்தைந்து அடி. ஓடினேன். முழங்கால் மடங்கி ஒரு தடவை விழுந்தேன். கையில் ஜல்லி குத்தி ஏறியது. எழுந்தேன். மனதுக்குள் வினாடிகளை எண்ணிக்கொண்டே ஓடினேன், எந்த எண்ணில் இருந்தேன் என்பது தெரியவில்லை. சைரன் நின்றது. சைரன் நின்றால் மோட்டார் ஓடப் போகிறது என்று அர்த்தம். கயிறு இன்னும் மூன்று அடி தள்ளி இருந்தது. பெல்ட் ஒரு உலுக்கு உலுக்கி நகரத் தொடங்கியது. என் உடம்பு முழுவதையும் கயிற்றின் மேல் எறிந்தேன்.

பெல்ட் நின்றது. பள்ளத்துக்குள்ளிருந்து தகரம் நசுங்குகிற சத்தம் ஒன்று வந்து அடங்கியது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

மேலே மேனேஜர் கண்ணாடியைத் திறந்து என்னவோ கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. சுவிட்சை அணை, என் பூட்டைப் போடு என்று லாரி டிரைவர் ஒருவரிடம் என் இடுப்பிலிருந்த பூட்டைத் தூக்கி எறிந்தேன். சாவி என்னிடம் இருந்தது. அவர் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஏணியில் கால் வைத்தேன். சற்று முன்னால் முழங்கால் வலிக்கிறது என்று இறங்காதவள், இப்போது எப்படி இறங்கினேன் என்றே தெரியவில்லை. அந்த ஏழு படிகளும் எனக்கு ஏழு வருஷம். கீழே என்ன கிடக்கப் போகிறதோ. தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். என் கையெழுத்தையும் நினைத்துக்கொண்டேன்.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு மண்வாரி. அதன் தகடு பெரிய உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே பாதி வரை இழுக்கப்பட்டு, அப்பளம்போல நொறுங்கியிருந்தது. பிடியைக் காணோம். வெளிச்சத்தை இன்னும் தாழ்த்தினேன். உருளைக்குப் பின்னால், சுவருக்கும் பெல்ட்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லாத சந்தில், ஒரு பெண் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்தாள். தலை முதல் கால் வரை சாம்பல் நிறப் புழுதி. கண் இரண்டும் திறந்திருந்தன. கண் சிமிட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளை எனக்குத் தெரியும். காண்ட்ராக்டர் அனுப்புகிற தினக்கூலி ஆட்களில் ஒருத்தி. வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, அதனால் எல்லோரும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். போன வாரம் என் அறை வாசலில் வந்து நின்று, எனக்கும் ஒரு பூட்டுக் கிடைக்குமா என்று கேட்டாள். ஒரு மாதம் முடியட்டும், பயிற்சி வகுப்புக்கு வா, அப்புறம் தருகிறேன் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினேன். பூட்டு இல்லாதவர்கள் இயந்திரத்துக்குள் போகக் கூடாது என்பதும் என் விதிதான். தினக்கூலிகள் வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. அவர்களுக்குத் தலை எண்ணிக்கைதான்.

கையை நீட்டினேன். அவளுடைய விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. சந்திலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வர நேரம் பிடித்தது. வலது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மண்வாரியின் பிடியை விடாமல் பிடித்திருந்திருக்கிறாள். பெல்ட் அதை அவள் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வினாடி விடாமல் இருந்திருந்தால் கையோடு போயிருக்கும்.

ஏணியின் கீழ்ப்படியில் அவளை உட்கார வைத்தபோது என் போன் அதிர்ந்தது. ஓரகத்தியின் எண்ணிலிருந்து சின்னவன். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"அண்ணி, பொய் சொல்லிட்டேன். கடப்பாரை பிடிச்சது புதுசுதான், அப்புறம் கீழ ஜல்லி வாரிட்டு இருந்துச்சு. அரை மணி நேர வேலைதான், முடிச்சிட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். வெளிய வந்துடுச்சான்னு மட்டும் பாருங்க அண்ணி. வெட்டிட்டீங்களா?"

வெட்டிவிட்டேன் என்றேன். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்றேன். அப்போது அவன் அழுத அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிள்ளைக்குக் கட்டுப் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அவன் பூட்டை மறக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்து அரக்கப்பரக்க ஓடினவன், இவள் உள்ளே இருக்கிறாள் என்பதற்காகவே பூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதை வெட்டியது நான்.

முதலுதவி அறையில் அவளுக்கு ஆறு தையல் போட்டார்கள். பிளான்ட் அரை மணி நேரம் கழித்து ஓடியது, அதுவும் நானே ஒவ்வொரு சந்திலும் புகுந்து பார்த்த பிறகு. கான்கிரீட் தப்பித்தது. மேனேஜர் வந்து கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். அதற்குள் அவர் மூளை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பெல்ட் ஓடவே இல்லை என்று எழுதலாம் என்றார். ஓட்டுவதற்கு முன்பே தேடலில் கண்டுபிடித்துவிட்டோம், பூட்டை மறந்த ஃபிட்டரை விதிப்படி வெளியே அனுப்பிவிட்டோம், எல்லாம் சுத்தமாக முடிந்துவிடும் என்றார். அவள் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவளை அவர் ஒரு நாற்காலிபோல நினைத்துப் பேசினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போய்விட்டார்.

யோசிக்க எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. நான் மூன்று தடவை கத்தினேன். பள்ளம் ஒரு ஆள் ஆழம்தான். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"நான் மேல நின்னு கூப்பிட்டப்போ நீ எங்க இருந்தே?"

அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏணிகிட்டதாங்க உக்காந்திருந்தேன். வாரி முடிச்சாச்சு. யார் கண்ணுலயும் படாம வெளிய போயிடுன்னு அண்ணன் சொல்லிட்டுப் போனாங்க, மேல ஆள் நடமாட்டம் ஓயட்டும்னு இருந்தேன். பூட்டு இல்லாத ஆளை இறக்கினது தெரிஞ்சா அவங்க வேலை போயிடுமாம். என் வேலையும்தான்."

"அப்புறம்?"

"உங்க குரல் கேட்டுச்சு. உங்களுக்குப் பயந்துதாங்க உருளைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சேன்."

சைரன் கேட்டபோதாவது வெளியே ஓடி வந்திருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாக இருந்தது. அண்ணன் பூட்டுத்தான் இருக்கிறதே, இது வேறு எதற்கோ ஊதுகிறது என்று நினைத்தாளாம். மண்வாரி கையிலிருந்து போன பிறகுதான் நம்பினாளாம். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, நாளைக்கு வேலைக்கு வரலாமா என்று கேட்டாள். இந்தக் கையோடு மண்வாரி பிடிக்க முடியாது, கூட்டிப் பெருக்குகிற வேலை இருந்தால்கூடச் செய்வேன் என்றாள். கை ஆறும் வரை வர வேண்டாம், கூலி வந்துவிடும், அது என் பொறுப்பு என்றேன். அவள் என்னை நம்பினதாகத் தெரியவில்லை. நம்புவதற்கு அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

விபத்து அறிக்கைத் தாளை எடுத்தேன். இதையும் நான்தான் தயாரித்தேன், இதிலும் கட்டங்கள். பூட்டை வெட்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். தேடிப் பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பள்ளத்தில் இறங்கவில்லை என்றும் சேர்த்தேன். பெல்ட் எவ்வளவு தூரம் ஓடியது என்பதற்கு, சுமார் இரண்டு முழம். ஃபிட்டர் பூட்டை மறக்கவில்லை, உள்ளே ஆள் இருந்ததால் விட்டுச் சென்றார், கேட்டபோது உண்மையைச் சொல்லவில்லை. அவன் என் கொழுந்தன் என்பதையும் எழுதினேன். யார் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஆபத்தான இடத்துக்குள் தொழிலாளி சென்றதற்குக் காரணம் என்று அதில் அச்சடித்திருந்தது. கவனக்குறைவு என்றுதான் இத்தனை வருஷமும் அந்தக் கட்டத்தில் எழுதி வந்திருக்கிறேன். யோசிக்காமல் கை எழுதிவிடும். இன்றைக்கும் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். அடித்தேன். கட்டிலில் அவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள், முகத்தில் இன்னும் புழுதி. அவளுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல மெதுவாக எழுதினேன்: பாதுகாப்பு அதிகாரி வந்ததால்.